சிவக்காத பாத்தி

"எம்மா, எனக்கு மூஞ்சியே இல்லாமப் போனா என்னைய எப்பிடிக் கண்டுபிடிப்ப?"

நாலு வயதில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு செல்வி இப்படிக் கேட்டாள். அவள் காதுக்குப் பின்னால் மிளகு போலிருந்த மருவைத் தொட்டு, "இத வச்சுதான்" என்று சிரித்தாள் உமாராணி.

அதற்கு ஏழு வருடம் கழித்துத்தான் உப்புப் பாத்தி நிறம் மாறியது. உப்பு விளையும் முன் பாத்தித் தண்ணீர் சிவக்கும். அந்தக் காலையில் முள்ளக்காட்டு உப்பளத்தில், சுடுமண்ணும் கடலும் கலந்த வாடைக்கு நடுவே, அது சாம்பலாகக் கிடந்தது. தண்ணீர் இன்னும் பக்குவமாகவில்லையா என்று பக்கத்துப் பாத்தி சீனித்தாயிடம் கேட்டாள் உமாராணி.

"ஏளா, ரத்தமாச் செவந்து கெடக்கு. கண்ணு கூசுதாக்கும்? ஒரு கூலிங்கிளாஸ் மாட்டிக்கிட்டு வா, மகாராணி."

உப்பளத்தில் கண் கூசாதவர் யார்? உமாராணி அந்தப் பதிலுக்குள் ஒளிந்துகொண்டாள். நிறம் மங்கினால் அன்றைக்கே வந்துவிட வேண்டும், இந்த மாத்திரை கண் நரம்பைப் பிடிக்கும் என்று அவள் காசநோய்க்கு மாத்திரை தந்த நர்ஸ் சொல்லியிருந்தாள். போனால் வேலையை விட்டு நிறுத்துவார்கள். நோயும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் அவள் இருமியபோது மற்றவர்கள் தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். மறுநாளிலிருந்து கொட்டகையில் அவளுக்கென்று ஒரு சிறு குடம் நிறைந்திருந்தது, அதன் வாயில் ஈரத்துணி கட்டி. முடிச்சு சீனித்தாயின் முடிச்சு. இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பின்னால் சீனித்தாய்க்கும் அதே இருமல், அதே மாத்திரை.

ஆறு வாரம் ஓடிற்று. பார்வையின் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மங்கல் வந்து உட்கார்ந்தது. கங்காணியைப் பார்த்தால் சட்டை இருந்தது, காலருக்கு மேலே ஒன்றுமில்லை. கண்ணைத் திருப்பினால் அந்த மங்கலும் கூடவே திரும்பியது.

ஒருநாள் சீனித்தாய் கரையில் குனிந்து நின்று சொன்னாள்: "மூணு நாளாப் பாக்கேன், பாத்தி செவக்கவே இல்லியேளா."

உமாராணிக்கு மூச்சு வந்தது. அப்படியானால் தண்ணீர்தான் சாம்பல். கண்ணில் கோளாறில்லை. முருகா.

சோற்றுவாளியோடு வந்த செல்வி பாத்தியை எட்டிப் பார்த்தாள்.

"எம்மா, ஏன் இவ்வளவு செவப்பா இருக்கு?"

வெயில். காற்று. சீனித்தாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பாத்தியைப் பார்த்தாள்.

உமாராணி அன்றே சீனித்தாயை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். வரிசையில் நின்ற எல்லார் காதிலும் விழ, தான் மறைத்த ஆறு வாரத்தையும் சொன்னாள். அந்த மாத்திரையை இருவருக்கும் நிறுத்தினார்கள். மூன்று நாளில் வந்தவளுக்குக் கண் தெளிந்துவிடும் என்றார் டாக்டர். மற்றவளுக்கு, பார்ப்போம் என்றார்.

சீனித்தாய் வேலைக்குத் திரும்பும் நாள். ஆள் வருமுன் உமாராணி வரப்பைக் காலால் தடவித் தடவிக் கொட்டகைக்குப் போனாள். குடத்தை நிறைத்தாள். ஈரத்துணி. அதே முடிச்சு. கண்டவர் யாருமில்லை.

திரும்பினாள்.

வெள்ளை வரப்பில் செல்வியின் பாவாடை. செல்வியின் ரிப்பன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் உப்பு வெளுப்பு.

"செல்வி?"

பிள்ளையை வீட்டில் தூங்கவிட்டுத்தான் வந்திருந்தாள்.

கிட்டே போனாள். காதுக்குப் பின்னால் தடவினாள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

வழவழப்பு. ஈரம். குளிர்.

அதன் சிறு விரல்களும் மெல்ல எழுந்து, அவள் காதுக்குப் பின்னால் எதையோ தேடத் தொடங்கின.