தோல் வாசனையோடு வந்த இளவரசன்

"சிங்கம் தன் குட்டியை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கும்?" என்று பக்கத்து வீட்டுச் சைரா ஒரு நாள் என்னைக் கேட்டாள்.

அவளுடைய அப்பா ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"எங்க அப்பா தெரு முனையில வரும்போதே எனக்குத் தெரிஞ்சிடும். அந்த வாசனையே சொல்லிடும். சிங்கத்துக்கு எப்படி?"

அந்தக் கேள்விக்காக நான் பிறகு யோசித்து எழுதியது இது. எங்கள் மலையில் சிங்கம் ஏது என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

ஆம்பூருக்கு மேலே மலைக்காட்டில் பெருஞ்சடையன் என்ற சிங்கம் ராஜாவாக இருந்தார். அவர் கர்ஜித்தால், கீழே ஊரில் கட்டியிருக்கும் மாடுகள் வைக்கோல் மெல்லுவதை நிறுத்திவிடும்.

அவருக்கு ஒரே பிள்ளை, சின்னு. அவனுக்குப் பிடரி இன்னும் முளைக்கவில்லை. காலையில் எழுந்ததும் சுனைத் தண்ணீரில் எட்டித் தன் கழுத்தைப் பார்ப்பான்.

"நைனா, இன்னிக்கு ஒரு முடி வந்திருக்குது பாரு!"

"அது புல்லுடா கண்ணு," என்று ராஜா அதை நாக்கால் எடுத்துப் போடுவார்.

சின்னுவுக்கு அம்மா இல்லை. அவனுக்கு எல்லாம் நைனாதான்.

அந்த ராஜ்யத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குகைக்குள் யார் போனாலும், வாசலில் நரி மந்திரி முதலில் முகர்ந்து பார்ப்பார். அதற்குக் காரணம் உண்டு. ஒரு சமயம் வேட்டைக்காரன் ஒருவன் கரடித் தோலைப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டான். "வா தம்பி, சாப்ட்டியா?" என்று பக்கத்தில் போன கரடிப் பெரியப்பாவுக்குக் காதில் குண்டு பாய்ந்தது. பாதிக் காதுதான் மிச்சம். அன்று முதல் அங்கே யாரும் கண்ணை நம்புவதில்லை. மூக்கைத்தான் நம்பினார்கள்.

நரி மந்திரிக்கு அதில் பெருமை தாங்காது. வாயும் ஜாஸ்தி.

"என் மூக்கு இல்லன்னா இந்த ராஜ்யமே இல்ல. நேத்து மான் வந்துச்சே, அது இன்னா தின்னுட்டு வந்துச்சுன்னு மோந்தே சொல்லிட்டேன்."

"புல்லுதானே?" என்றார் கரடி.

"அட, உனக்கு எப்டித் தெரிஞ்சுது?" என்று நரி ஆச்சரியப்பட்டார்.

ஒரு நாள் காலையில் சின்னு மலையடிவாரத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். அங்கே ஒரு மாட்டு வண்டி நின்றது. ஆவாரஞ் செடியின் பட்டையை உரித்துக் கட்டுக் கட்டாக அதில் ஏற்றியிருந்தார்கள். தோலைப் பதனிட அந்தப் பட்டைதான் வேண்டும். வண்டிக்காரர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். கட்டுகளுக்கு நடுவே நல்ல நிழல். சின்னு உள்ளே புகுந்து சுருண்டு படுத்தான். கண் அசந்துவிட்டது. பட்டையின் நெடியில், வண்டி மாடுகளுக்குக்கூடப் பின்னால் ஒரு சிங்கம் இருப்பது தெரியவில்லை.

விழித்தபோது மலையைக் காணோம். சுற்றிலும் உயரமான சுவர். தரையில் பெரிய பெரிய தொட்டிகள். கயிறுகளில் வரிசையாகத் தோல்கள் காய்ந்தன.

சின்னு மெல்ல இறங்கிப் பட்டைக் குவியலுக்குப் பின்னால் பதுங்கினான்.

மேஸ்திரி நயீம் ஓர் ஆட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"பாரு பூவம்மா, இன்னா வேலை இது! வயித்துல நேரா கீறி உரிக்க வேணாமா? கோணலா கீறி வெச்சிருக்கான்."

"கீறாமலே உரிக்கச் சொல்லுங்க மேஸ்திரி. வம்பே இல்ல," என்றாள் பட்டை இடித்துக்கொண்டிருந்த பூவம்மாள்.

"கீறாம எப்டிம்மா கழலும்? ஜிப்பாவா அது, தலை வழியா கழட்ட?"

எல்லாரும் சிரித்தார்கள். சின்னு சிரிக்கவில்லை. கயிற்றில் தொங்கிய தோல்களைப் பார்த்தான். ஒவ்வொன்றும் வயிற்றில் கீறப்பட்டு, போர்வை மாதிரி விரிந்து கிடந்தது. பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தான். பின்னால் ஒரு தொட்டி இருந்தது.

தொபீர்!

தொட்டி நிறையப் பட்டை ஊறிய செந்நிறத் தண்ணீர். வாய்க்குள் போனதும் நாக்கை இழுத்துப் பிடித்தது, அத்தனை துவர்ப்பு. சின்னு முங்கினான், எழுந்தான், மறுபடி முங்கினான்.

பூவம்மாள் ஓடிவந்து, தோலைப் புரட்டும் கழியை நீட்டினாள். சின்னு அதை இறுகக் கட்டிக்கொண்டு மேலே வந்தான்.

"ஐய, யாரு வூட்டு நாய்க்குட்டி இது? வுழுந்து இன்னா கலராயிட்ச்சு பாரு!"

நாய்க்குட்டியா! சின்னுவுக்கு வந்த கோபத்தில் பலமாகக் கர்ஜித்தான். ஆனால் தொண்டை கட்டிப்போயிருந்தது. "க்ரீச்" என்று துருப்பிடித்த கதவு போல ஒரு சத்தம்தான் வந்தது.

"பாவம், பசி போல கீது. ஓடுறா கண்ணு, மேஸ்திரி பார்த்தா பேஜாரு," என்று பூவம்மாள் பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

சின்னு ஓடினான். பாலாற்று மணலில் ஓர் ஊற்றைப் பார்த்ததும் அதில் இறங்கிக் குளித்தான். மணலில் புரண்டான். மறுபடி குளித்தான். நிறமும் போகவில்லை, நெடியும் போகவில்லை. தூரத்தில் மலை தெரிந்தது. அது போதும் என்று நடக்க ஆரம்பித்தான்.

மலையில் காலையிலிருந்து அவனைத் தேடாத இடமில்லை. ராஜா எதுவும் சாப்பிடவில்லை. பொழுது சாயும் நேரத்தில், குகை வாசலில் நரி மந்திரி மூக்கைத் தூக்கினார்.

"தோல் ஷாப்பு வாசனை! மனுசன் வர்றான்! எல்லாரும் வாங்க!"

கரடி வந்தார். காட்டுப்பன்றிகள் வந்தன. எல்லாரும் வாசலை மறித்து நின்றார்கள். புதருக்குள்ளிருந்து சின்னு வெளியே வந்தான்.

"நரி மாமா, நான்தான்," என்றான். குரல் க்ரீச் என்றிருந்தது.

நரியின் முகம் வெளுத்துப்போயிற்று. "அய்யோ, உருவம் நம்ம இளவரசர் மாதிரியே கீது. ஆனா வாசனை வேற, நிறம் வேற, குரலும் வேற. ராஜா! நம்ம குட்டியை உரிச்சு, அந்தத் தோலைப் போர்த்திக்கிட்டு எவனோ வந்திருக்கான்!"

ராஜா குகையிலிருந்து வெளியே வந்தார். சின்னுவை நெருங்கி ஒரே ஒரு முறை முகர்ந்தார். பிறகு அவர் கண்கள் சிவந்தன.

"என் பிள்ளையைக் கொன்னுட்டு, அவன் தோலைப் போட்டுக்கிட்டு என் வாசலுக்கே வர்றியா?"

"நைனா, நான் சின்னு!"

"நம்பாதீங்க ராஜா! ஒரே அடியா அடிங்க!" என்று நரி கத்தினார்.

ராஜா பாதத்தை ஓங்கினார். சின்னு அந்த நகங்களைப் பார்த்தான். ஓடிவிடலாமா? ஓடினால் மனிதன்தான் என்று முடிவு கட்டித் துரத்துவார்கள். குகைக்குள் இனி என்றைக்குமே போக முடியாது. நைனா தனியாக அழுதுகொண்டே இருப்பார்.

கயிற்றில் தொங்கிய தோல்கள் அவன் நினைவுக்கு வந்தன.

சின்னு ஓடவில்லை. ராஜாவின் காலடிக்கே போனான். மல்லாக்கப் படுத்து, நான்கு கால்களையும் விரித்தான்.

"என் வயித்தைப் பாரு நைனா. கீறாம தோலை உரிக்க முடியாதாம். தோல் ஷாப்புல மேஸ்திரி சொன்னாரு. கீறின தடம் இருந்தா அடி."

ஓங்கிய பாதம் அப்படியே நின்றது.

எந்த மனிதனும் சிங்கத்தின் முன்னால் இப்படி வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்ததாக அங்கே நின்றவர்கள் கேள்விப்பட்டதில்லை.

ராஜா மெதுவாகக் குனிந்தார். நகங்களை உள்ளே இழுத்துக்கொண்டு, வயிற்று முடியைப் பாதத்தால் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார். மோவாய்க்குக் கீழே பார்த்தார். நெஞ்சில் பார்த்தார். தொப்புள் வரைக்கும் பார்த்தார். கீறல் இல்லை. தையல் இல்லை. உள்ளே ஒரு சின்ன இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவருடைய பிடரி மயிர் சின்னுவின் வயிற்றில் உரசியது.

"நைனா, கூசுது!" என்று சின்னு நெளிந்தான்.

ராஜாவுக்கு அதற்குமேல் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளையை இரண்டு கைகளாலும் வாரி மார்போடு அணைத்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பெரிய தும்மல் ஒன்று வந்தது.

"இன்னாடா இது இப்டி நாறுது!" என்றார், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே. ஆனால் பிள்ளையைக் கீழே விடவில்லை.

கரடிப் பெரியப்பா பாதிக் காதை ஆட்டிக்கொண்டு சிரித்தார். பன்றிகள் குட்டிக்கரணம் போட்டன. யாரோ கிழங்கு கொண்டுவந்தார்கள், யாரோ தேன் கொண்டுவந்தார்கள். சின்னு தொட்டியில் விழுந்த கதையைச் சொல்லச் சொல்ல, எல்லாரும் அருகில் வந்து உட்கார்ந்தார்கள். நாய்க்குட்டி என்று சொன்ன இடத்தை மட்டும் அவன் சொல்லாமல் விட்டுவிட்டான்.

நரி மந்திரி மட்டும் தள்ளி ஒரு பாறைக்குப் பின்னால் நின்றார். 'ஒரே அடியா அடிங்க' என்று தான் சொன்னது அவருடைய காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

சின்னு அவரைப் பார்த்துவிட்டான்.

"மாமா, இங்க வாங்க. உங்க மூக்கு மேல தப்பு இல்ல. ஆத்துல குளிச்சிட்டு நானே என்னை மோந்து பார்த்தேன். எனக்கே நான் யாருன்னு தெரியல."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராஜாவும் சிரித்தார். நரி சிரிக்கவில்லை. எங்கோ போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் சின்னு, நைனாவின் பிடரிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிப்போனான். ராஜா நடுநடுவே தும்மினார். தும்மினால் பிள்ளை எழுந்துவிடுவானோ என்று மூக்கைப் பாதத்தால் பொத்திக்கொண்டார்.

அப்போது வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. நரி மந்திரி வாய் நிறையக் காட்டுத்துளசிக் கொத்துகளைக் கவ்விக்கொண்டு வந்தார். நல்ல மணமுள்ள இளந்தழைகளாகப் பார்த்துப் பறித்திருந்தார். சின்னுவைச் சுற்றி அவற்றை ஒவ்வொன்றாகப் பரப்பினார். ஒரு கொத்தை ராஜாவின் மூக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

ராஜா தலையை அசைத்தார்.

நாள் முழுதும் வாய் ஓயாமல் பேசுகிற நரி, தூங்குகிற பிள்ளையைக் குனிந்து ஒரு தரம் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனார்.