விசில் அடிக்காத வீட்டுக்கு ஒரு கிட்டார்

முனீஸ்வரி வீட்டுக் குக்கர் பகலில் அந்த வீட்டில் விசில் அடிக்காது. அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப் போவாள். வேண்டிய மட்டும் அங்கே விசில் அடித்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் திரும்பி வரும்.

காரணம் அப்பா. ராஜபாளையத்து நூல் மில்லில் அவருக்கு எப்போதும் இரவு ஷிஃப்ட். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்து பகலில்தான் தூங்குவார். ஒருமுறை தூக்கம் கெட்டு வேலைக்குப் போய், மெஷினில் விரலை நசுக்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் குசுகுசுவென்றுதான் பேசுவார்கள். சண்டைகூட அப்படித்தான்.

இந்த வீட்டில் பிறந்துதான் அக்கா செல்லக்கனி எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஆசைப்பட்டாள். கல்லூரி இசைக்குழுவில் இரவல் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தாள். "உனக்குன்னு ஒண்ணு செஞ்சுக்கம்மா. என் தூக்கத்தைப் பத்திக் கவலைப்படாத" என்று அப்பாவே சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை அக்காவும் முனீஸ்வரியும் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினார்கள். அங்கே ஜெயபாய் அத்தையின் கிட்டார் பட்டறை. மேசைமேல் கிட்டார் வடிவத்தில் அறுத்த மாமரப் பலகை. மேசைக்கடியில் ஒரு வெள்ளை நாய்.

"உள்ள அங்கங்க குடையட்டுமா, கட்டியா அப்படியே விடட்டுமா?" என்று கேட்டார் ஜெயபாய். "குடைஞ்சிட்டா பொறவு ஒட்டவைக்க முடியாது, பாத்துக்க."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் அத்தை?" என்று அக்கா குசுகுசுத்தாள்.

"ஏம்மா, தொண்டை கட்டிருக்கா?"

"இல்ல, எங்க வீட்டுப் பழக்கம்."

ஜெயபாய் சுவரில் தொங்கிய இரண்டு கிட்டார்களை எடுத்தார். வயரை மாட்டாமலே, உள்ளே குடைந்ததை மீட்டினார். ஜம்மென்று சத்தம் வந்தது. நாய் தலையைத் தூக்கியது. அடுத்து, கட்டி மரக் கிட்டாரை மீட்டினார். ஒரு கொசு வழி கேட்பதுபோல் இருந்தது.

"கரண்டுல மாட்டினா ரெண்டும் கத்தும். ஆனா குடைஞ்சது, பெரிய ஸ்பீக்கர் பக்கத்துல நின்னா சில நேரம் தானா ஊளையிடும்."

நாய் அவரை ஒரு பார்வை பார்த்தது.

"வீட்டுல கரண்டே கூடாது அத்தை. அப்பா தூங்குவாங்க."

"ஹெட்ஃபோன் மாட்டிக்கோயேன்."

"வாசலுக்கு நாந்தான் காவல். காய்கறிக்காரர் குரல் குடுக்குறதுக்கு முன்னால ஓடணும். காதை அடைச்சுக்கிட்டா எப்படி?" அக்கா பெருமூச்சு விட்டாள். "குடைஞ்சிருங்க. மாட்டாம வாசிச்சாலும் எனக்குக் கேக்கும்லா."

முனீஸ்வரிக்கு அப்பாவின் நசுங்கிய விரல் ஞாபகம் வந்தது. அக்காவின் கையைப் பிடித்தாள். "உனக்குக் கேட்டா அப்பாவுக்கும் கேக்குமே."

"தெரியுதுட்டி. ஆனா காதுக்கே கேக்காம எப்படி வாசிக்க?" அக்காவின் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

ஜெயபாய் பலகையில் பென்சிலால் கோடு போட்டார். குடையும் மெஷினைக் கையில் எடுத்தார்.

அவர் இறக்கிவைத்த கட்டி மரக் கிட்டார் இப்போது முனீஸ்வரி மடியில். என்ன கனம்! நழுவாமல் இருக்கத் தாடையால் அழுத்திப் பிடித்தாள். விரல் தவறித் தடித்த கம்பியில் பட்டது.

செண்பகத்தோப்பு மலைக்குப் பின்னாலிருந்து ஒரு இடி மெல்ல உருண்டு வந்து, அவள் தாடை வழியாகத் தலைக்குள் ஏறியது. பல் அதிர்ந்தது. நெற்றிக்குள் ஏதோ மலர்ந்தது.

தாடையை எடுத்தாள். கொசு. மறுபடி வைத்து மீட்டினாள். இடி!

உள்ளே பொந்தோ பொத்தலோ இல்லை. வெறும் மரம். இவ்வளவு பெரிய சத்தம் இதற்குள் எங்கே படுத்திருந்தது?

மெஷின் கிர்ரென்றது.

"நிறுத்துங்க!"

பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த குரல் மொத்தமும் வெளியே வந்தது. நாய் எழுந்து நின்றது. ஜெயபாய் மெஷினை அணைத்தார்.

"ஏட்டி, என்னாச்சு?" என்றாள் அக்கா.

"தாடையை வச்சு வாசிச்சுப் பாரு!"

அக்கா வைத்தாள். ஒரே ஒரு தடவை மீட்டினாள். அப்புறம் அசையவே இல்லை. அவள் கண்கள் கலங்கிப் பளபளத்தன.

"தள்ளும்மா, நானும் பாக்கேன்" என்று ஜெயபாய் குனிந்தார். நிமிர்ந்தபோது அவரும் குசுகுசுவென்றுதான் பேசினார். "எம்புட்டு கிட்டார் செஞ்சிருக்கேன்! ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லையே!"

பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தார்.

கிட்டார் வீட்டுக்கு வந்த அன்று, மதியம் முழுக்க அக்கா வாசித்தாள். மேல் நுனியில் அவள் தாடை, கீழ் விளிம்பில் முனீஸ்வரியின் காது. காய்கறிக்காரர் வந்ததும் அக்கா ஓடிப்போய்ச் சைகையிலேயே கத்தரிக்காய் வாங்கி வந்தாள்.

சாயங்காலம் அப்பா சோம்பல் முறித்தபடி வந்தார். "ஏன் கனி, இன்னிக்குப் புதுக் கிட்டாரைத் தொடவே இல்லையா?"

முனீஸ்வரி அவரை உட்காரவைத்து, தாடையைக் கிட்டாரில் பதியவைத்தாள். அக்கா தடித்த கம்பியை மீட்டினாள்.

நன்றாகத் தூங்கி எழுந்த அந்தக் கண்கள் அகல விரிந்தன.

"அடேயப்பா! இம்புட்டு சத்தத்துலயா நான் தூங்கினேன்?"

அடுப்படியில் குக்கர், சொந்த வீட்டிலேயே, நீளமாக ஒரு விசில் அடித்தது.