கத்திரி பிடித்த கை

மழை வந்தது என்று சொல்வது தப்பு... துரத்தியது! மிட்டாய்த் தெருவில் துணிப் பொட்டலத்தோடு ஓடிய ரம்ஸீனா, கண்ணில் பட்ட முதல் வாசலுக்குள் புகுந்தாள்.

உள்ளே ஓவியக் கண்காட்சி. ஈ காக்கை இல்லை. சுவரில் ஏழே ஏழு படங்கள். சவரம் செய்பவர், பாலில்லாத சுலைமானி டீ ஆற்றுபவர், மீன் வெட்டுபவர்... தொட்டால் கை ஈரமாகிவிடும் போல அத்தனை நிஜம். பார்த்துக்கொண்டே போனவள் சட்டென்று நின்றாள். எல்லோருமே இடது கையால் வேலை செய்கிறார்கள்!

‘கையை மாத்து’ என்று குட்டு வாங்கியே வளர்ந்த இடது கைக்காரி அவள். அல்லாவே... எனக்கென்று ஒரு ஊரே இருக்கிறதா? வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“என்ன சிரிப்பு?”

திரும்பினாள். காது மடலில் நீலச் சாயத்தோடு ஒருவன். கோபத்தில்கூட அந்தக் கண்கள் அழகாகத்தான் இருந்தன. சே, என்ன நினைப்பு இது!

“இது எந்த ஊருன்னு கேட்கலாம்னு... எல்லாரும் இடது கைக்காரங்களா இருக்காங்களே?”

“யாரு இடது கை? நான் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் படம் படிச்சவன் இல்ல. ஆனா கண்ணால பார்க்கிறதைத்தான் வரைவேன். ஒரு நகக்கண்ணு தப்பா வந்தாலும் அழிச்சுட்டு மறுபடி வரையறவன்!”

“நகக்கண்ணு சரிதான். முண்டு? நம்ம முஸ்லிம் ஆளுங்க வேட்டியை இடப்பக்கம்தானே சொருகுவாங்க? உங்க டீக்காரர் வலப்பக்கம் சொருகியிருக்காரே...”

அவன் படத்தைப் பார்த்தான். குனிந்து தன் முண்டைப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

பேப்பூரில் மரக்கப்பல்களுக்குப் பெயர் எழுதும் நியாஸ் அவன். முன்னால் உட்காரச் சொல்லி வரைய ஆள் கிடைக்காமல், அலமாரிக் கண்ணாடி முன்னால் தானே நின்று பழகியவன். கத்தியைப் பிடித்தால் சவரக்காரர், கிளாஸைப் பிடித்தால் டீக்காரர். பன்னிரண்டு வருஷமாகக் கண்ணாடியில் பார்த்த முண்டு அது... அவனுக்கு எப்படித் தப்பாகத் தெரியும்?

“கண்ணாடியா!” அவன் சொன்னதைக் கேட்டு விளையாட்டாகச் சொன்னாள். “அப்போ நீங்க ஊரைப் பார்க்கவே இல்லை... உங்களைத்தான் பார்த்திருக்கீங்க.”

சுருக்கென்று தைத்தது அவனுக்கு. மூலையிலிருந்த குடையை எடுத்து நீட்டினான். “மழை நிக்காது. கிளம்புங்க.”

மறுநாள் குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனால், சுவர் காலி! மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கோயாக்கா பிடித்துக்கொண்டார்.

“மோளே, என்ன சொல்லித் தொலைச்சே? ஏழு படத்தையும் கழட்டிட்டான். இனி மனுஷங்களையே வரைய மாட்டானாம்!”

என் வாய்க்கொழுப்பு... அத்தனை அழகான கையை நானே கட்டிப் போட்டுவிட்டேனே! மனசு கேட்கவில்லை.

“கோயாக்கா, என் தையல் கடைக்குப் போர்டு எழுதணும். போர்டு மனுஷன் இல்லையே? வரச் சொல்லுங்க.”

வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

“என்ன எழுதணும்?”

“ரம்ஸீனா லேடீஸ் டெய்லர். பக்கத்துல துணி வெட்டுற தையல்காரி படம்.”

“படத்தை விட்டுட்டேன்.”

“கண்ணாடி இல்லாம ஒரே ஒரு தடவை... நான் கத்திரியோட உட்கார்றேன். பாருங்க.”

பார்த்தான். இன்னொருவர் முகத்தை இத்தனை நேரம் பார்ப்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை. அவளுக்குக் காது வரை சூடேறியது. அவன் பென்சில் பாதியில் நின்றது.

“நீங்க... இடது கையா?”

“அதனாலதானே அன்னிக்கு அவ்வளவு சந்தோஷம்! நீங்கதான் கேலின்னு நினைச்சுட்டீங்க.”

நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் ஆறிப்போன சுலைமானியை மறுபடி சூடாக்க வேண்டியிருந்தது.

ஆறாம் நாள் ரம்ஸீனாவைப் பெற்ற உம்மா கடைக்கு வந்தாள்.

“தெருவே பார்க்கிற போர்டுல பீச்சாங்கையா? அடுத்த வாரம் பொண்ணு பார்க்க வர்றாங்க. கையை மாத்தி வரையச் சொல்லுடி!”

உம்மா போனதும் ரம்ஸீனா தலையைக் குனிந்துகொண்டாள். “மாத்திடுங்க நியாஸ்... எனக்குப் பழக்கம்தான்.”

“மாட்டேன்.”

“உம்மா...”

“நான் கண்ணால பார்க்கிறதைத்தான் வரைவேன்.”

அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் இன்று அதில் வீம்பு இல்லை. ரம்ஸீனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாற்ற வேண்டாத ஒரு கை... அவளுக்கே இன்றுதான் கிடைத்தது.

பத்தாம் நாள் போர்டு ஏறியது. தூறலில் நனைந்துகொண்டே பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். கோயாக்கா அண்ணாந்து பார்த்தார்.

“டேய், மறுபடியும் கண்ணாடியா? கத்திரி இடது கையில இருக்கே!”

எல்லோரும் சிரித்தார்கள். உம்மாவின் முகம் சுருங்கியது.

“கழுத்துல தொங்குற டேப்பைப் பாருங்க,” என்றான் நியாஸ். “நம்பரெல்லாம் நேரா இருக்கு. கண்ணாடியில பார்த்திருந்தா திரும்பியில்ல தெரியும்? இது அவங்களையே பார்த்து வரைஞ்சது.”

உம்மா கிட்டே போனாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு...” என்று டேப்பைப் படித்தாள். கண் மெல்ல இறங்கி, கத்திரி பிடித்த அந்தக் கையில் நின்றது. எத்தனை முறை அவளே அடித்த கை அது! “என் பொண்ணேதான்...” என்று மூக்கை உறிஞ்சினாள்.

கூட்டம் கலைந்தது. உம்மா கடைப் படியில் ஒதுங்கி நிற்க, ரம்ஸீனா போர்டுக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஒரு தப்பு இருக்கு.”

“எங்கே?” பதறிவிட்டான்.

“கண்ணு.”

“நாலு தடவை அழிச்சு வரைஞ்ச கண்ணு அது!”

“படத்துல துணியைப் பார்க்குதே... இந்தப் பத்து நாள்ல நான் எப்போ துணியைப் பார்த்தேன்? எத்தனை சுடிதார் கோணலாப் போச்சு தெரியுமா?”

அவன் காது மடல் சாயமில்லாமலே சிவந்தது.

“தெரியும். நான் பார்த்தும் வரையாதது அது ஒண்ணுதான் ரம்ஸீனா. தெருவுக்குக் காட்ட மனசு வரலை... எனக்குன்னு வெச்சுக்கிட்டேன். உன்னைப் பார்த்துட்டே இருக்கணும்... காலம் பூரா.”

மழை வலுத்தது. உள்ளே ஓடிப்போய், இன்னும் திருப்பித் தராத அந்தக் குடையை எடுத்து வந்தாள்.

“உம்மா இங்கேதான் நிக்கிறாங்க. அடுத்த வாரம் வர்றவங்களுக்கு முன்னாடி நீங்க பொண்ணு கேட்டுடுங்க...” என்று குடையை நீட்டினாள், இடது கையால்.

உம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கையை மாத்து என்று சொல்லவே இல்லை.