தாரகாசுரனின் அம்மா

முருகன் அசுரர்களை வெல்லும் நாடகம். முருகனுக்கு நாற்பது வரி. அசுரர்களைப் பெற்ற மாயைக்கு ஒரே வரி: "மக்களே, போய் வாருங்கள்." எழுபத்தெட்டாம் வருஷப் பள்ளி ஆண்டு விழாவில் அந்த வேஷம் ஆறாம் வகுப்புப் பூவாத்தாளுக்கு வந்தது.

"ஏனுங்க சார், பெத்தவளுக்கு ஒரு வரிதானுங்களா?"

"அசுரனுங்க அம்மாவுக்கு அதுவே சாஸ்தி," என்றார் சண்முகவேல் வாத்தியார்.

பூவாத்தாளுக்குக் கோபம். சரி, மகன் தாரகனாவது கம்பீரமாக இருக்கட்டும் என்று நினைத்தாள். தாரகனுக்கு யானை முகம். மூன்றாம் வகுப்புத் தீர்த்தகிரிதான் தாரகன். அவனுடைய காகித முகமூடியின் தும்பிக்கையோ வாடிய புடலங்காயாகத் தொங்கியது.

எடப்பாடித் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதற்கு வழி தெரியாதா? பாவு நூல் விறைப்பாக நிற்கப் போடும் கஞ்சியை வீட்டிலிருந்து கொண்டுவந்து, முகமூடி முழுக்க இரண்டு தடவை பூசினாள்.

ஈரம் காயுமுன்னே தீர்த்தகிரி அதை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடியாடினான்.

மேடைக்கு வந்தபோது தும்பிக்கை ஜம்மென்று நின்றது. பேச்சுதான் வரவில்லை. உள்ளே விசும்பல்.

"யானைக்குச் சளி புடிச்சிருக்குதாட்ட இருக்குது," என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

பூவாத்தாள் அவனருகே போனாள். "என்னாச்சு சாமி?"

"கழட்ட வரலீங்க்கா. முடியெல்லாம் இழுக்குது."

ஈரத்தோடு மாட்டிய முகமூடி முடியோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. கஞ்சி பூசியது அவளல்லவா. வாத்தியார் திரையை இழுக்கச் சொல்லிக் கைகாட்டினார். திரை விழுந்தால் பயலுக்கு வருஷம் முழுக்கச் 'சளி யானை' என்றுதான் பெயர்.

பூவாத்தாள் நடுமேடையில் உட்கார்ந்து அவனை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"சண்டைக்குப் போற மகனுக்குப் பெத்தவதான் மொகங் கழுவி உடோணும். யாரங்கே, தண்ணி கொண்டாங்க."

காவலாளி வேஷம் போட்டிருந்த குப்பாயி குடத்தோடு ஓடிவந்தாள். கஞ்சி தண்ணீருக்கு இளகும். பூவாத்தாள் சேலைத் தலைப்பை நனைத்து நனைத்து ஒற்றினாள். மெல்ல முகமூடி கழன்று வந்தது.

தீர்த்தகிரி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "எங்கே அந்த முருகன்?" என்று அவன் போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கியே கீச்சிட்டது. கூட்டம் விசிலடித்தது.

முருகனாக நின்ற மயில்சாமி வேலை ஓங்கினான்.

"ஏஞ்சாமி முருகா, இப்பத்தான அழுது முடிச்சான், உட்ரு பாவம்," என்றாள் முன்வரிசையில் ஓர் அம்மா.

மயில்சாமியின் கை அந்தரத்தில் நின்றது. வாத்தியாரைப் பார்த்தான். அவர் தலையில் கைவைத்திருந்தார். மாயையைப் பார்த்தான்.

"எறி. எம்மவன நான் புடிச்சுக்கறேன்," என்றாள் பூவாத்தாள்.

அட்டை வேல் பறந்து வந்தது. தாரகன் அவள் கைகளில் சரிந்தான். கைதட்டல் ஓயும்வரை செத்த அசுரன் அங்கேயே கிடந்து சிரித்துக்கொண்டிருந்தான்.