மயில்கழுத்துப் பட்டும் ஒரு பழைய மழைக்கோட்டும்

ஜிப் சரியாகத் தொண்டைக்குழிக்குக் கீழே வந்து நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

வெளியே மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. எட்டு வயதான மழைக்கோட்டுக்குள் கைதியாகி, அவள் அந்தப் பெரிய துணிக்கடையின் ஆல்ட்ரேஷன் கவுன்டர் முன்னால் போய் நின்றாள். இன்னும் இருபது நிமிடத்தில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வெள்ளைக் கோட்டோடு இருக்க வேண்டும். கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தடவி, ஓரத்தில் பென்சிலால் எண் எழுதி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைக்கிற வேலை. அதை மழைக்கோட்டோடு செய்தால் விரட்டிவிடுவார்கள்.

"சார், கொஞ்சம் கத்தரிக்கோல் குடுங்க."

கழுத்தில் இன்ச் டேப் தொங்க, தையல் மெஷினில் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். ஜிப்பைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்... தேவைக்கு ஒரு நொடி அதிகமாகவே.

"எதுக்கு? யாரையாவது குத்தணுமா?"

"என்னை வெளிய எடுக்கணும். கிண்டல் அப்புறம் பண்ணிக்கலாம்."

அவன் காதிடுக்கில் செருகியிருந்த பென்சில் துண்டை எடுத்துக்கொண்டு கவுன்டரைச் சுற்றி வந்தான். "அசையாதீங்க... மூச்சுகூட மெதுவா. ஜிப் பல்லுக்கு ஆள் தெரியாது, கடிச்சிடும்."

பென்சில் முனையை ஜிப்பின் பற்களில் மெல்லத் தேய்த்தான். அவள் முடியிலிருந்து ஒரு மழைத்துளி அவன் மணிக்கட்டில் சொட்டியது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை, கண்ணை உயர்த்தவும் இல்லை. என்ன நீளமான இமை... ஓர் ஆம்பளைக்கு எதற்கு இவ்வளவு என்று அவளுக்குக் கோபமே வந்தது. சர்ரென்று ஜிப் இறங்கியது. அவளுக்குத்தான் மூச்சு உடனே வரவில்லை.

"இந்த ஜிப்புக்கு ஆயுசு முடிஞ்சுது மேடம். புது கோட்டே வாங்கிடுங்களேன்."

"ஏன்? இது எட்டு வருஷமா உழைக்குது. அன்னிக்கு அரை மாசச் சம்பளம் குடுத்து வாங்கினேன். போட்ட நாளால வகுத்துப் பாருங்க, ஒரு காபி விலைகூட வராது."

"துணிக்கெல்லாம் வகுத்தல் போடுவீங்களா?"

"பின்னே? தினமும் போடற செருப்பு, கோட்டுக்கெல்லாம் தாராளமா செலவு பண்ணலாம். ஒரே ஒரு நாள் போட்டுட்டு மடிச்சு வைக்கிறதுக்கு ஏன் கையைக் கடிச்சுக்கணும்?"

"உங்க வீட்டுக்காரர் குடுத்து வெச்சவர்."

"அப்படி யாரும் இல்ல."

"ஓ..." என்றவன், ஏற்கெனவே நூல் கோத்திருந்த ஊசியில் மறுபடி நூல் கோக்கப் பார்த்தான். பிறகு சொன்னான்: "ஜிப் மட்டும் மாத்தித் தரேன். இந்த நீளம் இப்ப ஸ்டாக் இல்ல. அடுத்த வாரம் வாங்க. அதுவரைக்கும் மாட்டிக்கிட்டா... இருக்கவே இருக்கு பென்சில்."

அடுத்த வாரம் போனாள். ஜிப் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஆனால் மழை தவறாமல் வந்தது, அவள் கோட்டும் தவறாமல் மாட்டிக்கொண்டது. மழை இல்லாத நாளில் சட்டைப் பட்டன் அறுந்தது.

"உங்க வீட்ல பட்டனெல்லாம் கூட்டாச் சேர்ந்து வேலைநிறுத்தமா, வகுத்தல் மேடம்?"

"பேசாம தைங்க, இன்ச் டேப்."

பெயர் கேட்டுக்கொண்ட பிறகும் அந்தப் பட்டப்பெயர்கள்தான் ஓடின. போன் நம்பர் மட்டும் இருவருமே கேட்கவில்லை. கவுன்டர் எங்கே ஓடிவிடப் போகிறது என்ற தைரியம். இந்த மாதிரித் தைரியத்தைப் போலக் கெடுதலானது உலகத்தில் வேறொன்றும் இல்லை.

கவுன்டருக்கு எதிரே ஒரு பொம்மை நின்றது. அதன் மேல் மயில்கழுத்து நிறத்தில், கணுக்கால் வரை தழைந்த பட்டு உடை. ஒவ்வொரு முறையும் அவள் அதைத் தொட்டுப் பார்ப்பாள். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பாள். விட்டுவிடுவாள். ஏழாவது முறை அவன் கேட்டேவிட்டான்.

"எத்தனை தடவை போடுவீங்கன்னு வகுக்கறீங்களா?"

"ஒரு தடவைகூட வராது. எனக்கு எங்க அப்படி ஒரு நாள் இருக்கு?"

"கணக்கே பார்க்காம ஒண்ணே ஒண்ணு வாங்கணுங்க. இல்லைன்னா இவ்வளவு வகுத்து மிச்சம் பிடிச்சது எதுக்கு?" அவன் சிரிக்காமல் சொன்னான். "உங்களுக்கு அது நல்லா இருக்கும். நான் தினமும் நூறு பேருக்கு அளவு எடுக்கறவன்... சும்மா சொல்ல மாட்டேன்."

சம்பள நாளன்று வாங்கினாள். பில்லை இரண்டு தடவை படித்துவிட்டுப் பணத்தை எண்ணி வைத்தாள். இடுப்பில் அரை அங்குலம் பிடிக்க வேண்டியிருந்தது. அவன் குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டு, அவளைத் தொடாமலே அளவு எடுத்தான். "உள்ள துணி நிறைய விட்டிருக்கேன். பின்னாடி நீங்க குண்டானாலும் பிரிச்சுக்கலாம்." பின்னாடி என்றால் எப்போது, யாரோடு இருக்கும்போது... அவள் நடந்து வீடு வரும்வரை அந்த ஒரு வார்த்தையையே யோசித்துக்கொண்டு வந்தாள்.

உடை பீரோவுக்குள் போனது. அங்கேயே இருந்தது.

"அவ்வளவு விலை குடுத்து வாங்கினது உனக்கா, பீரோவுக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"நல்லதா ஒரு நாள் வரட்டும்கா."

அந்த நாள் வரத்தான் செய்தது. ஒரு வெள்ளிக்கிழமை, கவுன்டரில் யாரும் இல்லாத நேரம். அவன் இன்ச் டேப்பைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான்.

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாப் எதிர்ல இருக்கற காபிக்கடைக்கு வர முடியுமா? எனக்கு நேராக் கேட்க வாய் வரல... உங்களுக்குச் சம்மதம்னா அந்தப் பட்டைப் போட்டுட்டு வாங்க. இல்லைன்னா எப்பவும் போல வாங்க. காபி குடிச்சிட்டுப் போயிடலாம். நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்."

எதற்குச் சம்மதம் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே காது வரை சூடானது.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கே பட்டை உடுத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். அழகாகத்தான் இருந்தாள். அவளுக்கே தெரிந்தது. நாலு மணிக்கு வானம் கறுத்தது. நாலே காலுக்குக் கொட்டியது.

பட்டில் தண்ணீர் பட்டால் வரிவரியாகக் கறை நிற்கும். ஜன்னலைப் பார்த்தாள், பட்டைப் பார்த்தாள். வாங்கி ஒரு தடவைகூடப் போடாதது... பாழாக்குவதா? அவளுக்குள் இருந்த கணக்குப்பிள்ளை எழுந்து உட்கார்ந்துகொண்டான். அவிழ்த்து, மடித்து, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் வைத்தாள். எப்போதும் போடுகிற காபி நிறப் பேண்ட்டும் பழைய சட்டையும், மேலே மழைக்கோட்டும். காபிக்கடையில் பாத்ரூம் இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொண்டால் போயிற்று. புத்திசாலித்தனமான யோசனை! அதற்குப் பிறகு அவள் தன்னை ஒருநாளும் புத்திசாலி என்று நினைக்கவில்லை.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே போய்விட்டாள். அவன் இன்னும் வந்திருக்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று பாத்ரூமுக்குள் ஓடினாள். ஈரத்தரையில் ஒற்றைக்காலில் நின்று, பட்டின் நுனி தரையைத் தொடாமல் மாற்றிக்கொண்டு வந்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

ஐந்தேகால்... ஐந்தரை... ஆறு.

இரண்டு காபி குடித்தாள். பக்கத்து மேஜையில் இருந்த அம்மாள், "டிரெஸ் ரொம்ப அழகா இருக்கும்மா. என்ன விசேஷம்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லைங்க," என்றாள். ஆறரைக்கு எழுந்தாள். பழைய உடைக்கு மாறத் தோன்றவில்லை. பட்டின் மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் நடந்தாள். கீழே பட்டு நனைந்து காலோடு ஒட்டியது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூப்பிட்டுவிட்டு வராதவனைத் தேடிக்கொண்டு நான் போவதா என்று இவளுக்கு வீம்பு. அந்தப் பக்கமும் ஒரு வீம்பு உட்கார்ந்திருந்தது என்பது இவளுக்கு அப்போது தெரியாது. இதை விதி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்... நான் சொல்ல மாட்டேன்.

பில்லில் 'ஆறு மாதம் வரை ஆல்ட்ரேஷன் இலவசம்' என்று அச்சடித்திருந்தது. ஆறாவது மாதத்தின் கடைசி வாரம், அவள் பட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். இலவசத்தை ஏன் விட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அக்காவிடமும் அதையேதான் சொன்னாள். அக்கா நம்பவில்லை.

அதே கவுன்டர், அதே இன்ச் டேப். அவன் விரலில் மட்டும் ஒரு புது மோதிரம்.

"வாங்க," என்றான். மேடமும் இல்லை, வகுத்தலும் இல்லை.

"கீழ கறையாயிடுச்சு. வெட்டிச் சரிபண்ண முடியுமான்னு பார்க்கணும்."

அவன் பட்டை மேஜையில் விரித்தான். கறையின் மேல் விரல் ஓட்டினான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கோடு போட்டதுபோலத் தொடங்கி விளிம்பு வரை தண்ணீர்த் தடம். விரல் அந்தக் கோட்டிலேயே நின்றுவிட்டது.

"எத்தனை தடவை போட்டீங்க?"

"ஒரு தடவை."

"அந்த மழைக்கோட்டைக் கொஞ்சம் குடுங்க."

அவள் கையில் மடித்து வைத்திருந்த மழைக்கோட்டை வாங்கி, பட்டின் மேல் தோளுக்குத் தோள் வைத்து விரித்தான். கோட்டு முடிந்த இடத்தில் கறை ஆரம்பித்தது. எத்தனையோ தடவை கையில் எடுத்துப் பார்த்த கோட்டு. அதன் நீளம் அவனுக்கு மனப்பாடம்.

"அன்னிக்கா?"

அவள் தலையசைத்தாள். "நீங்க வரல."

"வந்தேன்." அவன் குரல் உள்ளே போயிருந்தது. "நாலரைல இருந்து எதிர்ல பஸ் ஸ்டாப்ல நின்னேன். நீங்க தெருவைத் தாண்டி வந்தீங்க. கோட்டுக்குக் கீழ அந்தக் காபிக்கலர் பேண்ட்டு தெரிஞ்சுது... காபி குடிச்சிட்டுப் போகலாம்னு பெருசா சொல்லிட்டேனே தவிர, கால் நிக்கல. வந்த பஸ்ல ஏறிட்டேன்."

"பைல இருந்துது. மழைல நனைஞ்சிடும்னு... உள்ள போய் மாத்திக்கிட்டேன். ஆறரை வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்."

அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "பத்து நிமிஷம்... பத்தே பத்து நிமிஷம் நான் நின்னிருந்தா..."

"மோதிரம்?"

"அம்மா பார்த்த பொண்ணு. அடுத்த மாசம் கல்யாணம். நல்ல பொண்ணுங்க." பிறகு, யாருக்கும் கேட்காத குரலில்: "நிறுத்திடட்டுமா? நீங்க சொன்னா நிறுத்திடறேன்."

ஆம் என்று சொல்ல வாய் திறந்தாள். ஆனால் வந்தது வேறு.

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாண டிரெஸ் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. நான்தான் தச்சேன்."

"போட்டுப் பார்த்தாங்களா?"

"பார்த்தா... கண்ணாடி முன்னாடியிருந்து நகரவே இல்ல."

பட்டை உடுத்திக்கொண்டு காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். "அப்ப வேண்டாம்," என்றாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் கோட்டை எடுத்து மாட்டினாள். இழுத்தாள். தொண்டைக்குழிக்குக் கீழே, அதே இடத்தில் ஜிப் நின்றது. அவன் பழக்கத்தில் காதிடுக்குப் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்தான். அவள் கையைக் காட்டித் தடுத்தாள். தன் பைக்குள் கைவிட்டு நாலைந்து பென்சிலை அள்ளி மேஜையில் வைத்தாள்.

"எங்க லேப்ல பென்சில்லதான் எழுதுவோம். என் பைல எப்பவும் இருக்கும். முதல் நாளே பார்த்துக் கத்துக்கிட்டேன். அப்புறம் இத்தனை தடவை வந்தது ஜிப்புக்காக இல்ல... உங்களுக்காக. எனக்கு உங்களை அவ்வளவு பிடிச்சிருந்துது. இப்பவும்தான்."

"இதை அன்னிக்கே ஒரு தடவை சொல்லியிருக்கலாமே..."

"நல்லதா ஒரு நாள் வரட்டும்னு வெச்சிருந்தேன்."

அவன் மெஷின் டிராயரைத் திறந்து, அடியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தான். உள்ளே சாம்பல் நிறத்தில், அவள் கோட்டின் நீளத்துக்கே ஒரு புது ஜிப்.

"முதல் நாளே இருந்துது. ஸ்டாக் இல்லைன்னு பொய் சொன்னேன். மாத்திட்டா நீங்க வர மாட்டீங்களே..."

இருவரும் அந்த ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகை வந்தது இருவருக்கும். காட்டிக்கொண்டது அவன்தான்.

"மாத்திடுங்க," என்றாள் அவள்.

"இப்பவேவா?"

"இப்பவே. பட்டையும் கறை வரைக்கும் வெட்டிடுங்க. வேலைக்குப் போட்டுட்டுப் போற மாதிரி இருக்கட்டும். வாங்கிக்க அக்காவை அனுப்பறேன்."

அவள் ஒரு பென்சிலால் தானே ஜிப்பை இறக்கிக் கோட்டைக் கழற்றினாள். அவன் அதை வாங்கிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தான். பழைய ஜிப்பை ஒவ்வொரு தையலாகப் பிரித்தான். அரை மணி நேர வேலை. அன்று ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் அவசரப்படுத்தவில்லை.

தைத்து முடித்ததும் அவனே மாட்டிவிட்டு, அவனே மேலே இழுத்தான். ஜிப் எங்கும் நிற்காமல் கழுத்து வரை சர்ரென்று ஏறியது.

"இனிமே மாட்டாதுங்க," என்றான்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் மழையில் இறங்கினாள்.