போர்கில்ட் அணிந்த புழுதிக் கண்ணாடி

"இது எங்கப்பா கண்ணாடி. அந்தம்மா சுருட்டிட்டு வந்திருக்காங்க. இதுல வீராங்கனைன்னு சீட்டு வேற."

ஸ்டெய்னார் இதைச் சொன்னபோது, மோல்டே ஊர் அருங்காட்சியகத்தில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த ஐவிந்தின் கை அப்படியே நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த ஹெர்டிஸின் முகம் சிவந்துவிட்டது. ஜனவரியில் இறந்துபோன ராணுவ நர்ஸ் போர்கில்ட் அவளுக்குப் பெரியம்மா. அவர் பாலைவனத்தில் அணிந்த புழுதிக் கண்ணாடியை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவள் அவள்தான்.

ஸ்டெய்னார் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கண்ணாடியின் பட்டையில் அவர் தந்தை ஹல்வோரின் படை எண் இருந்தது. 1958இல் ஹல்வோரும் போர்கில்டும் ஐ.நா. அமைதிப்படையோடு சினாய்ப் பாலைவனத்தில் இருந்தவர்கள். கண்ணிவெடியில் சிக்கிய இரண்டு பேரைப் புழுதிப்புயலுக்குள் லாரியில் கொண்டுவந்து சேர்த்ததற்காக ஹல்வோருக்குப் பாராட்டுத் தாள் கிடைத்தது. கதவை இறுக மூடிக்கொண்டு ஓட்டினாராம். அந்தத் தாளை மட்டும் அவர் கடைசிவரை சுவரில் மாட்டவில்லை என்று மகன் வருத்தப்பட்டார்.

ஐவிந்தோடு அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி தோரா பூதக்கண்ணாடியை எடுத்தார். ஐவிந்துக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். துப்பறிவதில் தோராவை முந்திவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. போர்கில்ட் அவசரத்தில் இரவல் வாங்கியிருப்பார், அவ்வளவுதான் என்றார்.

"பொறு ஐவிந்த். முதல்ல இதை மாட்டிப் பாரு."

மாட்ட முடியவில்லை. பட்டை அவர் தலைக்குப் பத்தவே இல்லை. ஸ்டெய்னார் தலைக்கும் அதே கதி. அப்பாவுக்குத் தன்னைவிடப் பெரிய தலை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஹெர்டிஸுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

பட்டையை மடித்துத் தைத்திருக்கிறார்கள், எண்ணின் பாதி மடிப்புக்குள் போயிருக்கிறது என்று தோரா காட்டினார். நூல், காயம் தைக்கிற பட்டு நூல். முடிச்சு, அறுவை சிகிச்சையில் போடுகிற இரட்டைச் சுற்று முடிச்சு.

"பின்னால எப்பவாவது தைச்சிருக்கலாமே?" என்றார் ஸ்டெய்னார், விடாமல்.

தோரா மடிப்பை மெல்ல விரித்தார். உள்ளே பட்டையின் கரும்பச்சை நிறம் புதிதுபோல் இருந்தது. வெளியே மணல் அராவி வெளுத்திருந்தது. கண்ணாடி வில்லைகளும் உப்புத்தாள் தேய்த்தது போல மங்கியிருந்தன.

"தைச்சதுக்கு அப்புறம்தான் புயல்ல அடிபட்டிருக்கு. போட்டிருந்தவங்க லாரிக்கு வெளிய நின்னிருக்காங்க. உங்கப்பா உள்ள இருந்தார். அந்த நாளைப் பத்தி வேற என்ன சொல்லுவார்?"

ஸ்டெய்னார் யோசித்தார். "வெள்ளையை விட்டுடக் கூடாதுன்னு ஒண்ணையே நெனச்சுட்டு ஓட்டினேன்பார். பாதையோரத்துல வெள்ளையடிச்சு வெச்ச கல்லுன்னு நெனச்சேன்."

"புயல்ல கல்லு மூடிப்போயிடுமே" என்றார் ஐவிந்த். அவருக்கு விளங்கிவிட்டது. "நர்ஸோட வெள்ளை அங்கி. லாரிக்கு முன்னால நடந்து போயிருக்காங்க."

தோரா தலையசைத்தார். கண்ணிவெடி நீக்கிய தடம் மணலில் மறைந்துகொண்டிருந்தது. காலால் தேடிக்கொண்டே ஒருத்தி நடந்தாள். தடம் தவறியிருந்தால் முதலில் சிதறியிருப்பது அவள்தான். நர்ஸ்கள் முகாமைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது அந்தக் கால உத்தரவு. தெரிந்தால் அவளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஹல்வோர் அவள் பெயரைச் சொல்லவில்லை. தனக்கு மட்டும் கிடைத்த பாராட்டை மாட்டவும் அவருக்கு மனம் வரவில்லை.

"கண்ணாடியை அவரேதான் குடுத்திருக்கணும்" என்றார் தோரா.

மடிப்பைப் பழையபடி மடித்துக் கண்ணாடியை மேசையில் வைத்தார். பிறகு ஹெர்டிஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பெரியம்மா வீட்டு வாசல்ல வருஷா வருஷம் இலையுதிர் காலத்துல ஒரு லாரி பிர்ச் மர விறகு அடுக்கியிருக்கும். யார் போட்டதுன்னு கேட்டா சிரிப்பாங்க. போன வருஷம்தான் வரல."

ஸ்டெய்னார் நிமிர்ந்து பார்த்தார். அவர் தந்தை இறந்தது போன ஆகஸ்டில்.

"இலையுதிர் காலத்துல விறகை ஏத்திக்கிட்டுக் கிளம்புவார், எங்க போறேன்னு ஒருநாளும் சொன்னதில்லை அவர்" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டார். "அந்தம்மாவை எங்க அடக்கம் பண்ணியிருக்கீங்க? கூட்டிட்டுப் போறியா, ஹெர்டிஸ்?"