தீயாட்களுக்கு ஒரு சிறப்பு விருந்தினர்

ஒச்சம்மாள் வழக்கம்போல் பன்னிரண்டு பேரின் கண்களையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். எல்லாரும் இயந்திரங்கள், தீயாட்கள் என்று பெயர். செம்போடை மலையின் காட்டுத்தீக் குழுவில் மூச்சு விடும் உறுப்பினர் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் மலையிறங்கி மிதவை நகரங்களில் குடியேறி வெகுகாலம் ஆயிற்று.

துடைக்கும்போது அவற்றோடு பேசுவாள். பதில் வராது. பதில் சொல்ல எதிர்மலையில் தேனெடுக்கும் மூக்கையன் இருந்தான். மாலையானால் வாக்கி டாக்கியில் கூப்பிட்டு, "என்னக்கா, இன்னிக்கி என்ன கொழம்பு?" என்பான். அதைச் சொல்வதற்காகவே அவள் குழம்பு வைத்தாள். ஒரு வயிற்றுக்குக் கஞ்சி போதாதா?

தீயாட்களுக்கு யாரும் கட்டளை எழுதுவதில்லை. அவற்றினுள் இருப்பது பார்த்துப் படிக்கும் மூளை. மாசிதோறும் மலைக்கு வந்து பயிற்சியாளர்கள் நடத்திய ஒத்திகையைப் பார்த்தே சருகு ஒதுக்கவும், தீத்தடுப்புக் கோடு வெட்டவும் கற்றுக்கொண்டன.

பங்குனியில் ஒரு நண்பகல் எதிர்மலையில் புகை எழுந்தது.

"அக்கா, கீழ பத்திக்கிச்சு. எறங்குற பாதைய மறிச்சிருச்சு," என்றான் மூக்கையன்.

அவள் அபாயச் சங்கின் பொத்தானை அழுத்தி ஒலிக்கவிட்டாள். தீயாட்கள் மண்வெட்டிகளோடு ஓடிவந்து கொட்டகை முன்னால் வரிசையாக நின்றன. நின்றவை நின்றவைதான். ஒன்று மட்டும் அலமாரியிலிருந்து பொன்னாடையை எடுத்து ஏந்திக்கொண்டது. ஒச்சம்மாள் கத்தினாள், பிடித்துத் தள்ளினாள். எதுவும் அசையவில்லை.

பிறகுதான் புரிந்தது. எந்த ஒத்திகையிலும் சிறப்பு விருந்தினர் வந்து சேராமல் யாரும் மண்வெட்டியைத் தொட்டதில்லை. வெயிலில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்ததையும் அந்த மூளை தீயணைப்பின் முதல் பாடமாக எடுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்துத்தானே கெட்டுப்போகின்றன.

அவள் விருந்தினர் நிற்கும் இடத்தில் போய் நின்று தலைகுனிந்தாள். பொன்னாடை தோளில் விழுந்தது. அதுவரை அவளுக்கு யாரும் எதுவும் போர்த்தியதில்லை. அந்த அவசரத்திலும் அதன் கரையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். தீயாட்கள் உரைக்காகக் காத்திருந்தன.

"அங்க என் தம்பி இருக்கான். எனக்குப் பேச்சுத்துணைன்னு அவன் ஒருத்தன்தான். போங்க."

அசையவில்லை.

"நன்றி, வணக்கம்," என்றாள்.

கைதட்டிவிட்டு எதிர்மலைக்குப் பறந்தன.

குடிசை போயிற்று, மூக்கையன் பிழைத்தான். அவனுடைய மகன் வந்து அப்பாவைக் கையோடு மிதவை நகரத்துக்கு அழைத்துப்போய்விட்டான். அதன்பிறகு ஒச்சம்மாள் குழம்பு வைக்கவில்லை.

விசாரணை நடந்தது. மூளையைத் திருத்தினார்கள். அடுத்த மாசி ஒத்திகையில் சங்கு ஒலித்ததுமே தீயாட்கள் பாய்ந்துபோய் வேலையை முடித்துவிட்டன. தாமதமாக வந்த சிறப்பு விருந்தினருக்குத் தொடங்கிவைக்க எதுவுமில்லை; வெறும் மைதானத்தைப் பார்த்து முகம் கறுத்தார். மரியாதை தெரியாத ஜடங்கள் என்றார்.

அன்று மாலையே பழைய மூளையைத் திரும்பப் பொருத்திவிட்டார்கள்.

எல்லாரும் போனபின் ஒச்சம்மாள் பொன்னாடையைத் துவைத்துக் காயவைத்தாள். பிறகு சங்கின் பொத்தானுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, கைக்கு எட்டுகிறமாதிரி மாட்டிவைத்தாள்.